கன்றுக்குட்டி அளவு நாய்! வாங்குவது முதலாளி, வளர்ப்பது யார்?

சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களா. கேட்டில் "நாய் ஜாக்கிரதை" என்று போர்டு தொங்குகிறது. 2022-ம் ஆண்டு கோடையில் ஒரு நள்ளிரவு. அந்த காம்பவுண்டுக்குள் ஒரு திருடன் குதித்தான். தண்ணீர் மோட்டாரைக் கழற்றினான். இரண்டு சைக்கிள்களைத் தூக்கி வெளியே போட்டான். சாவகாசமாகப் போய்விட்டான்.

உள்ளே நாய் இருந்தது. நாயா அது? கன்றுக்குட்டி! "கிரேட் டேன்" ஜாதி. எடை 64 கிலோ. பெயர் சீசர்.

மறுநாள் போலீசார் வந்து கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். திருடன் குனிந்து மோட்டாரைக் கழற்றுகிறான். சீசர் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு நிற்கிறது! ஒரு கையில் ஸ்பேனர்; இன்னொரு கையால் அதன் கழுத்தைச் சொறிந்துவிடுகிறான் அந்த ஆசாமி.

ஏட்டய்யா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆபீசுக்குப் போய், திருடனோடு சிநேகம் பிடித்த நாய் என்று நாலு வரி செய்தி எழுதிக் கொடுத்தேன். ஊரே சிரித்தது.

பங்களாக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவமானமாகப் போய்விட்டதாம். அதுவரை ஹாலில் படுத்துக்கிடந்த சீசரை அன்று மாலையே காம்பவுண்டு மூலையில் தகரக் கொட்டகை போட்டு, சங்கிலியில் கட்டிவிட்டார். அந்த நாலு வரியை எழுதியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஆகவே இதை எழுதுகிறேன்.

அக்கா சொன்ன கதை

சீசரை 2 மாதக் குட்டியாக 2019-ல் வாங்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஓர் அம்மாள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் எடை 42 கிலோ இருந்தால் அதிகம். காலையில் வாக்கிங் கூட்டிப்போவது, சோறு வைப்பது, காது துடைப்பது, ரோட்டில் அது போவதை அள்ளிப் போடுவது எல்லாம் அவர் வேலைதான். கன்றுக்குட்டி சாப்பிட்டால் கன்றுக்குட்டி அளவுக்குத்தானே வெளியேயும் போகும்!

"வந்தப்ப என் முந்தானைக்குள்ள அடங்குச்சு தம்பி. ஆறு மாசத்துல என் இடுப்புக்கு வந்துட்டான். ஒரு வருசம் ஆனப்ப அவன் நின்னா நான் தெரிய மாட்டேன்" என்பார்.

அவர் சொன்னது மிகை இல்லை. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரை கிலோ, முக்கால் கிலோ இருக்கும். ஒரு வருடத்தில் 50 கிலோவைத் தொட்டுவிடும். ஏறக்குறைய 100 மடங்கு! மனிதக் குழந்தை அந்தக் கணக்கில் வளர்ந்தால் முதல் பிறந்த நாளுக்கே வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இப்படி வளர்வதில்தான் வினையே இருக்கிறது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? "பெரிய ஜாதி நாய், எலும்பு பலமாகணும்" என்று கால்சியம் டானிக்கை ஊற்றோ ஊற்று என்று ஊற்றுவார்கள். அது தப்பு. சின்னக் குட்டிக்குத் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. உடம்பு அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். எலும்பு கோணிப்போகும். அதே மாதிரி, கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று அள்ளிப் போடுவதும் தப்பு. பெரிய ஜாதிக் குட்டி ஒல்லியாக, மெதுவாக வளர வேண்டும். எலும்பு முற்றுவதற்கு ஒன்றரை வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை மாடிப்படி ஏற்றி இறக்குவது, தாண்டவிட்டு வேடிக்கை பார்ப்பது எல்லாம் கூடாது.

அடுத்தது தரை. பங்களாக்களில் என்ன தரை? கண்ணாடி மாதிரி மார்பிள்! 60 கிலோ நாய் அதில் நான்கு காலும் நான்கு பக்கம் போக வழுக்கும். ஏற்கெனவே இந்த ஜாதிகளுக்கு இடுப்பு மூட்டு பிசகும் நோய் உண்டு. வழுக்கினால் கேட்கவே வேண்டாம். அக்கா யாரிடமும் கேட்காமல் பழைய கோணிச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்து ஹாலில் விரித்திருந்தார். வீட்டு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளி வந்தால் சாக்கைச் சுருட்டி வைக்க வேண்டும்! சீசரைக் கொட்டகையில் கட்டிய பிறகு அந்தச் சாக்கும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கை இரண்டிலும் தோல் காய்த்து, வெடித்து, புண்ணாகிவிட்டது. அக்கா தேங்காய் எண்ணெய் தடவுவார்.

கடிக்கவே வேண்டாம்!

பெரிய நாய் என்றால் இப்போது எல்லோருக்கும் பயம். காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியதை யாரும் மறக்க மாட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை ஐகோர்ட்டுகள் ரத்து செய்துவிட்டன.

அந்த 23-ல் கிரேட் டேன் இல்லை. ஒரு காலத்தில் ஜெர்மனியில் காட்டுப் பன்றி வேட்டைக்கு வைத்திருந்த ஜாதி. (பெயரில்தான் "டேன்" இருக்கிறதே தவிர டென்மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) வேட்டைக் குணமெல்லாம் என்றோ போய்விட்டது. டி.வி. கார்ட்டூனில் பேயைக் கண்டு ஓடும் ஸ்கூபி டூ இந்த ஜாதிதான். ஆளைக் கண்டால் வந்து மேலே சாய்ந்துகொள்ளும். அதுதான் அதற்குக் கொஞ்சல்.

64 கிலோ சாய்ந்தால்? ஒரு நாள் காலை எதிரே ஒரு பூனை ஓடியது. சீசர் ஒரே இழுப்பு! வாரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த அக்கா ரோட்டில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. சீசர் ஓடவில்லை. திரும்பி வந்து அவர் முகத்தை நக்கிக்கொண்டு நின்றதாம். நாய் கடித்திருந்தால் போலீசில் புகார் வந்திருக்கும். நானும் செய்தி போட்டிருப்பேன். நாய் இழுத்து வேலைக்கார அம்மாள் கை முறிந்தால் அது செய்தியா? ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்தார். முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்களாம். இரண்டாவது மாதம் பாதி.

வாரைக் கையில் சுற்றக் கூடாது, குட்டியாக இருக்கும்போதே இழுக்காமல் நடக்கப் பழக்கிவிட வேண்டும், நெஞ்சுப் பட்டை போட்டால் பிடிப்பது சுலபம் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அக்காவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 20 கிலோ தீனி மூட்டை ஒரு மாதம் தாங்காது. பூச்சி மாத்திரை பத்து கிலோவுக்கு ஒன்று என்றால் இதற்கு ஆறு, ஏழு. மயக்க ஊசி, ஆபரேஷன் மருந்து எல்லாமே எடைக் கணக்குதான். சின்ன நாய் வைத்திருப்பவருக்கு நூறில் முடிவது இவருக்கு ஆயிரத்தில் நிற்கும்.

அன்று இரவு

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்களாக்காரர் குடும்பத்தோடு கோவைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வீட்டில் அக்காவும் வாட்ச்மேனும்தான். பக்கத்து வீட்டில் விசேஷம். மீந்த பிரியாணியை யாரோ பாசத்தில் ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்கள். சீசர் ஒரே மூச்சில் தின்றது. அப்புறம் வாட்ச்மேன் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். பாவம், நாள் முழுக்கக் கட்டிக் கிடந்த நாய். காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

இரவு 9 மணிக்கு அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. படுக்கும், எழுந்திருக்கும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். வாந்தி எடுக்க ஓங்கரிக்கும். எச்சில் நூலைத் தவிர ஒன்றும் வராது. வயிறு தபேலா மாதிரி உப்பிவிட்டது. செரிக்கவில்லை போலிருக்கிறது என்று அக்கா ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். உள்ளே இறங்கவில்லை.

இது செரிமானக் கோளாறு இல்லை. இரைப்பை முறுக்கு! பெரிய ஜாதி நாய்களுக்கு நெஞ்சுக் கூடு ஆழம். இரைப்பை உள்ளே ஊஞ்சல் மாதிரி தொங்கும். வேக வேகமாக ஒரே வேளையில் நிறையத் தின்றுவிட்டு ஓடினால், காற்று நிறைந்து, இரைப்பை அப்படியே புரண்டு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். இரண்டு வாயும் அடைபட்டுவிடும். ரத்த ஓட்டம் நின்றுவிடும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நாய் ஜாதிகளிலேயே இந்த நோய்க்கு அதிகமாக ஆளாவது கிரேட் டேன்தான். ஓங்கரிப்பு, ஒன்றும் வராமை, வயிற்று உப்பல். இந்த மூன்றையும் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ஓடு ஆஸ்பத்திரிக்கு!

10 மணிக்கு அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீ பேப்பர்காரன், நாலு பேரத் தெரியும். ஒரு வண்டி புடிச்சுக் குடுய்யா. இவன் கண்ணு ஒரு மாதிரி போவுது."

நான் போனேன். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது நாயா, மாடா?" என்று போயே போய்விட்டார். இரண்டாவது ஆட்டோவில் கால் நீட்ட இடமில்லை. கடைசியில் தண்ணீர் கேன் போடும் பையன் தன்னுடைய குட்டியானை வண்டியை எடுத்து வந்தான். தூக்க வேண்டுமே! பெட்ஷீட்டை விரித்து, சீசரைப் புரட்டிப் போட்டு, நான்கு மூலையில் நான்கு பேர் பிடித்து ஏற்றினோம். ஒரு கிளினிக் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து இன்னொரு இடம். டாக்டர் கையை வைத்துப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "உடனே வயித்தக் கிழிச்சாகணும். ஓனர் யாரு? கையெழுத்து போடுங்க. அட்வான்ஸ் கட்டுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாட்ச்மேனைப் பார்த்தேன்.

ஓனர் கல்யாண மண்டபத்தில் இருக்கிறார். போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அக்கா கையெழுத்து போடத் தயார். டாக்டர் எப்படி ஒப்புக்கொள்வார்? நாளைக்கு நாய் செத்தால், யாரைக் கேட்டு அறுத்தாய் என்று ஓனர் வந்து நிற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊசியைக் குத்திக் கொஞ்சம் காற்றை எடுத்துவிட்டார், டிரிப் ஏற்றினார். முக்கால் மணி நேரம் போனது. 12.20-க்கு ஓனர் போனை எடுத்தார். "பண்ணுங்க" என்றார். பணம் அனுப்பினார். ஆபரேஷன் ஆரம்பித்தபோது இரைப்பை கறுத்துப் போயிருந்தது.

சீசர் மேஜையிலேயே செத்துவிட்டது. ஐந்து வயது.

இரைப்பையை விலா ஓரம் வைத்துத் தைத்துவிட ஓர் ஆபரேஷன் இருக்கிறது. கருத்தடை செய்யும்போதே சேர்த்துச் செய்துவிடலாம். அப்புறம் முறுக்குவது அரிது. தீனியை ஒரே வேளையாக வைக்காமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்து வைத்தால், தின்றவுடன் ஓடவிடாமல் இருந்தால், ஆபத்து குறையும். இவ்வளவையும் டாக்டர் எங்களிடம் நடு ராத்திரி 2 மணிக்குச் சொன்னார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். யாருக்காகக் கேட்டார் என்று தெரியவில்லை.

யார் பெயரில் லைசென்ஸ்?

பெரிய நாய் வளர்க்காதே என்று நான் சொல்ல வரவில்லை. ஆசை இருக்கிறது, இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது, வளர்க்கட்டும். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வாங்கட்டும். இது நீண்ட நாள் இருக்கிற சொத்து இல்லை. சின்ன ஜாதி நாய் 14, 15 வருடம் வாழும். கிரேட் டேனுக்கு 7 முதல் 10 வருடம்தான். அமெரிக்காவில் "ஜீயஸ்" என்று ஒரு கிரேட் டேன். உயரம் 111.8 செண்டிமீட்டர். உலகிலேயே உயரமான நாய் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2014-ல் 5 வயதில் செத்துவிட்டது. அதே பெயரில் பின்னால் வந்த இன்னொரு ஜீயஸும் உயரத்தில் பெயர் வாங்கியது. எலும்பில் புற்று வந்து 2023-ல் 3 வயதில் போய்விட்டது. கின்னஸில் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன!

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாமல் நாய் வளர்த்தால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், மைக்ரோசிப் கட்டாயம் என்று 2025-ல் அறிவித்தார்கள். நல்ல காரியம். உரிமையாளர் பெயர், முகவரி, ஊசி போட்ட சான்று எல்லாம் கேட்கிறார்கள். சரி. தினமும் அந்த நாயைக் கையில் பிடிப்பது யார் என்றும் ஒரு வரி கேட்டால் என்ன? 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய் என்றால், உரிமையாளர் இல்லாத நேரத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து போட யாருக்கு அதிகாரம் என்று இரண்டாவது பெயர் ஒன்றைக் கட்டாயமாக எழுதி வாங்க வேண்டும். அந்த ஆள் வந்து, வாரைப் பிடித்து நாயை நடத்திக் காட்ட வேண்டும். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாதம் ஒரு ஞாயிறு, நாய் பார்க்கும் வேலைக்காரர்களுக்கென்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தால் எத்தனை நாய் பிழைக்கும், எத்தனை மணிக்கட்டு முறியாமல் இருக்கும்!

இதற்கெல்லாம் அரசாங்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊருக்குப் போகிற பங்களாக்காரர்கள் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி, கொஞ்சம் பணமும் வைத்து, பார்த்துக்கொள்கிற ஆளின் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். பீரோ சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. நாயைக் காப்பாற்ற ஒரு கையெழுத்து. அன்றைக்கு அது இருந்திருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சம்.

மறுபடி ஒரு குட்டி!

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். தகரக் கொட்டகைக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கேட்டுக்குள் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு குட்டி உருண்டுகொண்டிருந்தது. வெள்ளையும் பழுப்பும். செயின்ட் பெர்னார்ட்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எந்த ஊர் நாய் தெரியுமா? சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 2,469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அங்கே மடத்துத் துறவிகள் பனியில் வழி தவறியவர்களைத் தேடிப்பிடிக்க வளர்த்த ஜாதி. அதில் "பாரி" என்ற நாயின் உடலை இன்றைக்கும் பெர்ன் நகர மியூசியத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். (படங்களில் கழுத்தில் பிராந்தி பீப்பாய் தொங்குமே, அது ஓவியர் கற்பனை.) உடம்பு முழுக்கக் கம்பளி. 60, 70 கிலோ வரும். அதைக் கொண்டுவந்து கீழ்ப்பாக்கத்துத் தகரக் கொட்டகையில்!

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். நம் ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். இரைத்தாலும் சூடு இறங்காது. கிண்ணத்துச் சோறு ஆறிவிடும், அண்டாச் சோறு ஆறாது. பெரிய உடம்பும் அப்படித்தான். 2003 மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் அடித்த ஊர் இது! தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தச் சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராது என்று 11 வெளிநாட்டு ஜாதிகளை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதில் செயின்ட் பெர்னார்டும் ஒன்று. நியூபவுண்ட்லாந்து, திபெத்திய மாஸ்டிப் இரண்டும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குட்டி வெளி மாநிலத்தில் இருந்து வந்ததாம்.

வந்தது வந்துவிட்டது. இனி அதைக் காப்பாற்ற வேண்டும். நான் அக்காவைத் தெருமுனை டீக்கடைக்குக் கூப்பிட்டு, பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். வெயில் ஏறும் முன் காலை 6 மணிக்குள் வாக்கிங். மத்தியானம் மின்விசிறி உள்ள அறை, ஈரத் துணி. கால்சியம் டானிக் வேண்டாம். மூன்று வேளைத் தீனி. ஓங்கரித்தால் உடனே போன். கீழே இரவில் திறந்திருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் நம்பர், குட்டியானைப் பையன் நம்பர். அக்காவுக்குப் படிக்க வராது. அவர் பேத்தி படித்துச் சொல்லும்.

பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். முறிந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"இது எம்மாம் பெருசு வளரும் தம்பி?"

சீசர் அளவு வரும் என்றேன்.

"அப்ப அந்தக் கொட்டாய்ல பத்தாது" என்றார். குட்டிக்குப் பால் வைக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.